பதினேழாம் தட்டு

ஆர்சனிக் கலந்த தண்ணீர் பட்டால்
சிவந்து காட்டு:
பாக்டீரியாவுக்குள் நாங்கள் எழுதி வைத்தது
இந்த ஒரே வரி.

ஏழு மாதம் அது வாசிக்கவில்லை.
அந்தோஃபகஸ்தாவில் மழைக்கு அண்ணாந்தவர்கள் மாதிரி
இன்குபேட்டரைத் திறந்து திறந்து மூடினோம்.
யாஸ்னா தட்டுகளுக்குப் பெயர் வைத்தாள்.
நாளைக்குக் குப்பைக்குப் போவதற்கு எதற்குப் பெயர்
என்றான் லவுதாரோ.

ஆகஸ்ட் குளிரில், விடிகாலை நாலு மணிக்கு,
பதினேழு சிவந்தது.
பெத்ரோனிலா! பெத்ரோனிலா!
கத்திய கத்தலில் காவலாளி ஓடிவந்தார்.
அப்புறம்தான் லேபிளைப் படித்தோம்.
சுத்தமான தண்ணீர் விட்ட தட்டு அது.

மாற்றி ஒட்டியது யார் என்று
இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.
மூன்றாம் நாள் மைத்தே வாய் திறந்தாள்:
வடிகலன் பழுதான வாரம்
வீட்டிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்தேன்,
நாங்கள் குடிக்கிற தண்ணீர்தானே.

திரும்பத் தட்டைப் பார்த்தோம்.
ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல்
வாசித்திருந்தது.

யாரும் கைதட்டவில்லை.
மைத்தே வராந்தாவுக்குப் போய்
தம்பிக்குப் போன் போட்டாள்.
முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.
அவளுக்குத்தான்
எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.