பன்னிரண்டாம் மெட்டில் ஒரு ரூபாய்

பதினோராம் மாதம் சீட்டு விழுந்தது.
கேஸுக்கும் ஜெபினின் பஸ் பாஸுக்கும்
எடுத்து வைத்தது போக
மிச்சம் ஐயாயிரத்து அறுநூறு.
ஜெராக்ஸ் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு
முக்கூடலில் பஸ் ஏறினேன்.
எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

பாளை தெற்கு பஜார்க் கடையில்
"பையனுக்கா மேடம்?" என்றான்.
ஆமாம் என்றேன்.
என் பையன் கையில் கிட்டாரைக் கொடுத்தால்
மட்டையாகத்தான் பிடிப்பான்.

நீலம் மூவாயிரத்து இருநூறு.
பிளாஸ்டிக் வாளியைத் தட்டிய சத்தம்.
கறுப்பு பளபளத்தது,
பெயின்டுக்கு அடியில் எதையோ மறைக்கிற பளபளப்பு.
தேன் நிறத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னான்.
வாங்கி, ஒரு கண்ணை மூடி
கழுத்தின் நெடுகப் பார்த்தேன்,
துணி போடுமுன் கொடியின் தொய்வைப் பார்ப்பதுபோல்.
பன்னிரண்டாம் மெட்டில் கம்பிக்கு அடியில்
ஒரு ரூபாயைப் படுக்க வைத்துத் தள்ளினேன்.
ஒன்று நுழைந்தால் சரி.
இரண்டு நுழைந்தால் விரல் செத்தது.
ஒன்றுதான் நுழைந்தது.

"மேடம் வாசிப்பியளோ?"

ஜி பிடித்தேன். கை மறக்கவில்லை.
எஃப் பிடித்தேன். கை மறந்திருந்தது.
ஒற்றை விரல் ஆறு கம்பியையும் படுத்து அமுக்கவேண்டும்.
நாலு பேசின. ரெண்டு இருமின.

முன்பு நான் வாசித்தது
கோயில் வாலிபர் கூட்டத்துக் கிட்டார்.
பெஞ்சுக்கும் மைக்குக்கும் போட்டதுபோலவே
அதன் முதுகிலும் வெள்ளை பெயின்டில் நம்பர்.
கலியாணத்துக்கு முந்தின ஞாயிறு
ரிஜிஸ்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்:
பெயர், லீதியாள். பொருள், கிட்டார் ஒன்று.
நிலை, நல்லது.
இருபத்துமூன்று வருஷம்.
வாசிக்காதே என்று யாரும் சொன்னதில்லை.
அதனால் கோபப்படவும் ஆளில்லை.

அடிப்பக்கத்தில் நகநீளம் கீறல் இருந்தது.
அதைக் காட்டிக் காட்டியே
ஐயாயிரத்து நானூறுக்கு இறக்கினேன்.
உறை தனி விலையாம். வேண்டாம் என்றேன்.
பிக் இரண்டு சும்மா தந்தான்.

"இதுக்கு லக்கேஜ் போடணும்க்கா."
"மடியில வச்சுக்கிடுதேன்."
"மடியில வைக்க பிள்ளையா? அரை டிக்கெட் கிழிக்கவா?"
பஸ்ஸே சிரித்தது.
"யாருக்கு வாங்கிட்டுப் போறிய?"
"எனக்குத்தான்."
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.
பேட்டை தாண்டிய பிறகு
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
யாரும் தொடாமலே ஆறு கம்பியும் முனகின.

"என்னது இது?" என்றார் வீட்டில்.
"கிட்டார்."
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சரி. அடுக்களைக் கதவைச் சாத்திக்கோ."
அது சம்மதமா, சலிப்பா?
சாத்திக்கொண்டேன்.

இந்த மாதம் ரேஷன் கடையில்
எனக்கு முன்னால் ஏழு பேர். எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள்.
இலையும் தூளும் தேய்த்த விரல்களை
மெஷின் லேசில் ஒப்புக்கொள்ளாது.
முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார்கள்.
என் முறை வந்தது.
இடதுகை ஆள்காட்டி விரல். சிவப்பு.
மறுபடி வைத்தேன். சிவப்பு.
"என்ன லீதியாக்கா,
நீங்களும் பீடி சுத்த ஆரம்பிச்சாச்சா?"

பின்னால் நின்ற பேச்சித்தாய்
என் விரலைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.
"இது பீடிக் காய்ப்பு இல்லையே.
கம்பி அறுத்த மாதிரில்லா இருக்கு."

ஆமாம், கம்பிதான்.
எஃப் இன்னும் முழுசாய் வரவில்லை.
இப்போது ஐந்து பேசுகிறது.

வலது கட்டைவிரலை வைத்தேன். விழுந்தது.
அரிசி இருபது கிலோ, சீனி இரண்டு.
பருப்பு அடுத்த வாரமாம்.