இளைய பெயர்

பின்னங்கால் முட்களை மூன்றாம் முறை எண்ணுகிறேன்.
ஏழு.
நேற்றும் ஏழுதான். எட்டாக இருந்திருந்தால்
இரவு தூங்கியிருப்பேன்.

வியன்னாவிலிருந்து பஞ்சுக்குள் பொதிந்து வந்திருக்கிறது
தொள்ளாயிரத்துப் பதினொன்றில் செத்த
ஒரு பெண் தத்துப்பூச்சி.
அரிசிமணி நீளம். அட்டையில் கோந்து.
இடது உணர்கொம்பு இல்லை.
சீட்டில் பராகுவாய் என்று மட்டும்.
ஒரு நாட்டையே விலாசமாக எழுதிவிட்டு
யாரோ கப்பல் ஏறியிருக்கிறார்.
இன்னொருவர் அதற்கென்றே ஒரு பேரினம் படைத்தார்.
நூறு வருடமாக அதில் இவள் ஒருத்திதான் குடியிருக்கிறாள்,
மூன்று குடும்பங்கள் மாறி மாறித் துரத்திவிட.

என்னிடம் இருந்தவை எல்லாம் ஆண்கள்.
கனிந்தெயூவில், பதினாறு வருடம் முன்பு,
பாதரச விளக்கின் வெள்ளைத் துணிக்கு வந்தவை.
வால் நுனியை வெட்டிக் காரத்தில் வெளுத்து
கிளிசரின் சொட்டில் மிதக்கவிட்டு
குறியின் கொக்கி எந்தப் பக்கம் வளைகிறதென்று
பதினொரு நாள் வரைந்தேன்.
எந்த நூலிலும் இல்லாத வளைவு.

குவரானியில் கிரிரி என்றால் மௌனம்.
கிரிரியா என்று வைத்தேன்.
பிறகுதான் தெரிந்தது, ஓயாமல் பேசுகிற ஜாதி இது,
தண்டுக்குள் அதிர்வாக.
நம் காதுக்குத்தான் எட்டாது.
பெயரை மாற்ற முடியுமா? விட்டுவிட்டேன்.

போன வெள்ளி எலாடியோ மூங்கில் காட்டிலிருந்து அழைத்தான்.
"நிமியா, உன் கிரிரியா ஒருத்தியோடு
ஒட்டிக்கொண்டு இருந்தான்.
பிரிக்காமல் அப்படியே சாராயத்தில் போட்டுவிட்டேன்."
பெருமையாகத்தான் சொன்னான், பாவம்.

அந்த ஒருத்தி இப்போது இடது தட்டில்.
வியன்னாக்காரி வலது தட்டில்.
நெற்றியின் நடுவரம்பு,
சிறகில் நரம்பு கிளைக்கும் இடம்,
முள்.

மூத்த பெயர்தான் நிற்கும்.
வருடா வருடம் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற விதி;
சாக்பீஸ் கையோடு எவ்வளவு சுலபமாக இருந்தது.

தெரெரேயில் ஐஸ் கரைந்து வெறும் பச்சைத் தண்ணீர்.
அதையே உறிஞ்சிக்கொண்டு தட்டச்சு செய்கிறேன்:
கிரிரியா, புதிய ஒத்தபெயர்.
செத்த பெயருக்கு முன்னால்
'புதிய' என்று போடுவது எங்கள் வழக்கம்.

எலாடியோவிடம் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான்.
லைனில் கொஞ்ச நேரம் கிரிரி.
எங்கோ ஒரு லாரி தாண்டிப் போயிற்று.
அப்புறம் கேட்டான்:
"அப்படியென்றால் அந்த வியன்னாக் கிழவிக்கு
ஆள் கிடைத்துவிட்டான், இல்லையா?"

ஆமாம் என்றேன்.
எந்த மூங்கில் என்று பார்த்தாயா,
இலையோடு ஒரு கிளை ஒடித்து வா,
சீட்டில் ஊர்ப் பெயரை முழுசாக எழுது என்றேன்.