பத்து நக்ஃபா

முதுகு தேய்ந்த டயர் பொய் சொல்லாது.
நடுவில் தட்டையாகி
வட்டத்தை மறந்துகொண்டே வரும்.
தேய்மானம் காட்டும் ஊசிமுனைக் குழி இரண்டில்
ஒன்று போயிருக்கும், மற்றது போகப் பார்க்கும்.
கல் குத்திய தழும்புகளை எண்ணிக்கொண்டே
விலை பேசலாம்.

விலாதான் கள்ளன்.

நான் விற்ற டயரின் விலாவில்
கம்பெனிப் பெயரின் மஞ்சள் எழுத்துக்குக் கீழே
ஒரு விரற்கடை நீளத்தில் கீறல்.
பிரேக் கட்டை இறங்கி உரசியது, என் கவனக்குறைவு.
காற்று இல்லாதபோது அது வாயை மூடிக்கொள்ளும்.
கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்து மடித்தால் மட்டும்
உள்ளே வெள்ளையாய் நூல்.
அறுந்தவை ஏழு.
அறாதவை எத்தனை என்று எண்ணவில்லை.
எண்ணாமலே விற்றேன்.

வாங்கியவள் லெத்தெப்ரான்.
மெதெபர் சந்தையில் தகரம் தட்டும் இரைச்சலில்
முன்னூறு என்றேன், சரி என்றாள்.
அஸ்மாராவில் புது டயர் வேண்டுமென்றால்
யாராவது ஒருத்தியின் மாமன்
விமானம் ஏறி வரவேண்டும்.
எங்கள் இருவர் மாமன்களும் ஊரைவிட்டு அசையாதவர்கள்.

சனிக்கிழமை மாலை பட்டியல் ஒட்டினார்கள்:
நாளை நெஃபாசித் இறக்கம்.
வளைவுக்குப் பின் வளைவு, பாதி வழி மேகத்துக்குள்,
கைப்பிடிச் சுவர் இருக்குமிடத்தில் சுவர்
இல்லாத இடத்தில் வெறும் காற்று.
என் எண் பதினொன்று.
அவள் எண் பன்னிரண்டு.

சோறு இறங்கவில்லை.
மின்சாரம் போன தெருவில்
சக்கரம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.
கதவைத் தட்டுமுன் ஒத்திகை பார்த்தேன்:
'அந்த டயரில் ஒரு சின்ன விஷயம்...'

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.
டயரை உள்வெளியாகப் புரட்டி
அதன் வயிற்றுக்குள் மெழுகுவர்த்தியை நீட்டி
அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.
மஞ்சள் எழுத்து வந்ததும்
வெளிச்சம் ஒரு மயிரிழை வெளியே கசிந்தது.

'வா மெப்ராட்' என்றாள், தலை நிமிராமல்.
'தெரிஞ்சுதான் வாங்கினேன்.'
'எப்படி?'
'நான் பேரமே பேசல.
நீயாவே பத்து நக்ஃபா திருப்பிக் குடுத்த.
நல்ல பொருள் விக்கிறவ யாரு
கேக்காம காச திருப்புறா?'

அந்தப் பத்து நக்ஃபாவை
நாலாய் மடித்து, ஓரம் நனைத்து
கீறலுக்கு உட்புறம் ஒட்டியிருந்தாள்.
அதன்மேல் ட்யூப்.
நோட்டுக்குக் கிழியாத நார் என்பாள்,
சந்தையில் ஆயிரம் கை மாறியும் தாங்குகிறதே.

என் ஒத்திகை எல்லாம் தொண்டையில் கிடக்க
கொண்டுபோன சக்கரத்தை நீட்டினேன்.
முதுகு சப்பை, விலா இரண்டும் சுத்தம்.
அவள் கிள்ளிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.
வெடிப்பு உண்டா என்று
பழுப்பு ஓரத்தை நகத்தால் வருடினாள்.
'இதை முன்னால போடறேன்.
முன் சக்கரம் வெடிச்சா சாமி,
பின் சக்கரம் வெடிச்சா வெறும் சிராய்ப்பு.'
'அப்ப உன் கள்ளன்?'
'உன் கள்ளன்' என்று திருத்தினாள்.

அப்படித்தான்
அது என் பின்சக்கரத்துக்கே திரும்பி வந்தது.
'ஐந்தரைக்கு மேல காத்து அடிக்காத.'
மன்னிப்பு அவளும் கேட்கவில்லை நானும் கேட்கவில்லை.
முன்னூறை மட்டும் மேசைமேல் வைத்தேன்.
இருநூற்றித் தொண்ணூறு எடுத்துக்கொண்டு
மீதியை என் பக்கம் தள்ளினாள்.

காலையில் மேகம் சாலைக்கே ஏறி வந்திருந்தது.
முதல் வளைவில் கேட்டது,
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை,
மடித்த நோட்டின் முடிச்சு தரையைத் தொடும்
தப். தப். தப்.
வேகம் கூடக்கூட அது ஒரே முனகலாயிற்று.
எனக்கு முன்னால் பன்னிரண்டாம் எண்
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருகணம் காது சாய்த்தது.

சத்தம் நின்றால்தான் பயப்படவேண்டும் என்று
நெஃபாசித் வரை
எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.