இருபது டிகிரி

தவக்காலத்தின் முதல் திங்கள் பிறக்க
இன்னும் பத்து நிமிடம்.
ஸ்காரிஷேவ் சந்தைக்குள்
இருட்டோடு இருட்டாக வந்துவிட்டன குதிரைகள்.
மூச்சுதான் முதலில் தெரிகிறது, பிறகுதான் குதிரை.

என் கையில் ஒரு கோணமானி,
தச்சர்கள் வைத்திருப்பது.
லாரியின் சாய்பலகை இருபது டிகிரிக்கு மேல்
ஏறக் கூடாது என்கிறது சட்டம்.
பலகையில் வைத்துக் குனிந்து
முள் நிற்கும்வரை நானும் நிற்கிறேன்.
"கோணக்காரி வந்துட்டா" என்று
ஓட்டுநர்கள் சிகரெட்டை மிதிக்கிறார்கள்.

பதினெட்டு. போகலாம்.
பத்தொன்பது. வைக்கோல் தூவுங்கள், பனி உறைந்திருக்கிறது.
இருபத்தி நாலு. குதிரையைத் தள்ளி நிறுத்து.
"ரெண்டு செங்கல் வெச்சாச் சரியாயிடும், டாக்டரம்மா."
வை. வைத்தபின் கூப்பிடு.

மூன்றாவது வரிசையில் மல்வா.
செம்பழுப்பு. தோளில் ஏர்ப்பட்டை தேய்த்த வெள்ளை.
ஒரு கதவை அடைக்கும் அகலம்.
பிடித்திருந்தவர் பெயர் சிப்ரியான்.
தலைக்கயிற்றை இறுக்கிச் சுற்றியதில்
விரல்கள் வெளுத்திருந்தன.

"வயிறு?"
"வைக்கோல்."
"எத்தனை மாதம்?"
"வைக்கோலுக்கு ஏது மாதம்?"
கையுறையைக் கழற்றி விலாவுக்குக் கீழே வைத்தேன்.
மைனஸ் ஆறில் அந்த ஓரிடம் மட்டும் அடுப்பு.
காத்திருந்தேன்.
வைக்கோல் உதைத்தது.

அவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கப் பார்த்தார்.
பதினோராம் மாதம், இந்த வயிற்றோடு
இத்தாலிவரை நின்றுகொண்டே போக முடியாது என்றேன்.
டிராக்டர் தவணை என்றார்.
புல்கட்டு விலை என்றார்.
மகன் நார்வேயிலிருந்து பணம் அனுப்புவதை
நிறுத்தியது எந்த மாதம் என்பதையும் சொன்னார்.
எல்லாம் உண்மை.
உண்மைக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
'ஏற்றத் தகுதியில்லை' என்பதற்கு இருந்தது.
மை உறைந்துபோன பேனாவை
ஊதி ஊதிக் குறியிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபம்.
கயிற்றைத் தளர்த்தி வந்த வழியே திரும்பினார்.
பதினோரு கிலோமீட்டர் தார்ச்சாலை,
ஏற்றி முடித்த லாரிகள்
பின்னாலிருந்து ஒவ்வொன்றாய்க் கிளம்பும் நேரம்.
ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு செம்பழுப்பு இருட்டு.

என் சட்டம் சந்தை வாசலோடு முடிகிறது.
ஓடினேன்.
மஞ்சள் ஒளிச்சட்டையைக் கழற்றி
மல்வாவின் போர்வைப் பட்டையில்,
பின்புறம் பார்க்க, முடிந்துவிட்டேன்.
'கால்நடை மருத்துவர்' என்றிருந்தது அதன் முதுகில்.
"அப்போ இனி இவதான் டாக்டரா?" என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.

விளக்கு படும்போதெல்லாம் எரிந்து
படாதபோது அணைந்து
அந்த இரண்டு சொற்கள் ஆடியாடிப் போயின
வளைவு வரை.

திரும்பி வந்து அடுத்த பலகையில் குனிந்தேன்.
பக்கத்து லாரி பின்னோக்கி வந்தது. யாரோ கத்தினார்கள்.
சேற்றில் முட்டி குத்தி விழுந்த பிறகுதான்
என்னை யாருக்கும் தெரியவில்லை என்பது
எனக்குத் தெரிந்தது.

கோணமானியைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
முள் நடுங்கிற்று, அல்லது கை.
இருபத்தி மூன்று.