நாற்பது நிமிடத் தூரம்

விளம்பரத்தில் இப்படித்தான் எழுதினேன்:
மொந்தேவிதேயோவிலிருந்து நாற்பது நிமிடம்.
அது பதினோரு வருஷத்துக்கு முன் அளந்தது.
இப்போது இருபத்தைந்து.
வீடு நகரவில்லை.
நகரம்தான் நகர்ந்து வந்திருக்கிறது,
வருஷத்துக்கு ஒரு பெட்ரோல் பங்கு,
ஒரு மதில், ஒரு நாய்கள் ஜாக்கிரதைப் பலகையோடு.
இரவில் தெற்கு வானம்
சோடா உப்பில் ஊறவைத்ததுபோல் வெளுத்திருக்கும்.

பேனல்கள் வடக்கு பார்த்தவை என்று எழுதினேன்.
எங்கள் நாட்டில் சூரியன் வடக்கேதான் நடக்கும்.
ஜூன் வந்தால் அது
கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல
யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னாலேயே
பதுங்கிப் போய்விடும் என்பதை
எழுதவில்லை.

பன்னிரண்டு பேனல், எட்டு பாட்டரி,
முப்பதாயிரம் லிட்டர் மழைத்தொட்டி,
கிணறு, கோழிக்கூண்டு, ஒன்பது பீச் மரம்.
கடைசியில் 'தன்னிறைவு' என்று போடு என்றார் எல்பியோ.
போட்டேன்.
அதில் தன் எவ்வளவு, நிறைவு எவ்வளவு என்று
யாரும் பிரித்துக் கேட்கப்போவதில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள்தான் வாங்குகிறவர்கள்.
பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
ஃபியோரெல்லா ஒவ்வொரு குழாயையும் திறந்து
தண்ணீரைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.
நவுவேல் போனைத் தூக்கிப் பிடித்தபடி
வீட்டைச் சுற்றி வந்தான்.
'எல்லாம் ஓடுமா?'
ஓடும்.
எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது.

பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை.
இங்கே துணி காயவைக்க மட்டுமல்ல,
துவைக்கவும் வெயில் வேண்டும்.
இஸ்திரிக்கு நடுப்பகல்.
விருந்தாளி ஹேர் டிரையரோடு வந்தால்
சிரித்துக்கொண்டே வாங்கி
அலமாரியில் வைத்துப் பூட்டிவிடு.
கூடத்தில் அந்தச் சின்னத் திரை இருக்கிறதே,
அதைப் பார்க்காமல் பல் தேய்க்காதே.

பிறகு ஏன் விற்கிறீர்கள் என்பதுதான்
எல்லாரும் கேட்பது.
ஃபியோரெல்லா கேட்கவில்லை.
படுக்கையறை மூலையில்
சக்கரம் வைத்த பெட்டியைப் பார்த்துவிட்டாள்.
அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய்,
எல்பியோவின் மூக்குவரை.

முந்நூற்றைம்பது வாட்.
நிற்காது. நிற்கவும் கூடாது.
ஜூலையில் இரவு பதினான்கு மணி நேரம்.
பெருக்கிப் பார்த்தேன்.
பென்சிலால் ஒருமுறை.
ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு ஒருமுறை.
விளக்கெல்லாம் அணைத்து, பம்பையும் கழற்றிவிட்டு
ஒருமுறை.
எப்படிப் போட்டாலும்
விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே
கணக்கு முடிந்துவிடுகிறது.

மின்கம்பம் எண்ணூறு மீட்டரில்தான் நிற்கிறது.
வேண்டாம் என்று ஒருகாலத்தில்
கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள்.
இப்போது கேட்டால் வரிசையில் நில் என்கிறார்கள்.
டாக்டர் பெண்ணோ
லிஃப்ட் உள்ள கட்டிடமாகப் பாருங்கள்,
ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், என்றாள்.
வீடு எங்களுக்கு எல்லாம் கொடுத்தது.
ஒரு மனிதனின் மூச்சைத்தான்
அதனால் ராத்திரி முழுக்கச் சுமக்க முடியவில்லை.

இப்போது நாலாவது மாடி.
சுவரில் மூன்று துளை.
செருகினால் கொடுக்கிறது,
வெளியே மழையா வெயிலா என்று
ஒரு வார்த்தை கேட்பதில்லை.
நான்தான் மூன்று மணிக்கு எழுந்து
இங்கே இல்லாத திரையைத் தேடிச்
சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று இரவு ஃபியோரெல்லாவின் போன்.
நாலு நாளாக மேகமாம்.
'முப்பத்தொன்று காட்டுகிறது. என்ன செய்ய?'

இருபத்தைந்துக்கு வந்தால் ஃபிரிட்ஜை நிறுத்து.
பாலை ஜன்னலுக்கு வெளியே வை,
குளிர் பார்த்துக்கொள்ளும்.
விறகடுப்பை மூட்டு. சீக்கிரம் படுங்கள்.

'அவ்வளவுதானா?'

அவ்வளவுதான்.

அவள் பக்கம் தேரோ பறவை ஒன்று
யாரையோ விரட்டிக் கத்திக்கொண்டிருந்தது.
என் பக்கம் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்,
எனக்குத் தெரியும்.

போனை வைத்ததும் எல்பியோ
விரலை உயர்த்தினார், எவ்வளவு என்று.
முப்பத்தொன்று என்றேன்.
கண்ணை மூடி வானத்தைக் கணக்குப் போட்டார்.
'தாங்கும்' என்றார்.
அந்த ஒரு சொல்லுக்கு
இரண்டு மூச்சு ஆனது.