அரைப்பேர்

வெள்ளிக்கிழமை, மத்தியான நிறுவை.
மழை விட்டுப் பத்து நிமிசம்.
செக்ரோல் பார்த்து அவளைக் கூப்பிட்டேன்:
சிவ
அவ்வளவுதான் வந்தது.
பாக்கியம் வரவில்லை.

வரிசை சிரித்தது.
கணக்கப்பிள்ளைக்கு ராத்திரி போட்டது
இன்னும் இறங்கவில்லை என்றது ஒரு குரல்.
நானும் சிரித்தேன், வாயின் ஒரு பக்கத்தால்.
சிவபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.
சாக்கைப் போட்டுவிட்டு ஓடிப்போய்
கொழுந்து லொறியை மறித்தாள்.

டிக்கோயா வரைக்கும்
நசுங்கிய பச்சை வாசத்தின் மேல் கிடந்தேன்.
பக்கத்தில் என் வலது கை,
யாரோ மறந்து விட்டுப்போன படங்கு.

டொக்டர் ஹேரத்துக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.
மண்டைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
பொடி ஒன்றுதான், பயப்பட வேணாம் என்றார்.
அவர் பாஷையில் பொடி என்றால் சின்னது.
எங்கள் பெக்டரியில்
சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சுவது.

ஐந்தாம் நாள் சோதித்தார்கள்.
கையைத் தூக்கு. தூக்கினேன்.
சிரி. சிரித்தேன்.
இது என்ன? பேனை.
முழு மார்க், வீட்டுக்குப் போகலாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும்
ஒன்றுமே இல்லையே, பழைய ஆள்தானே என்றார்கள்.
ஆமாம் என்றேன், நெக்டோ வாங்கிவரச் சொன்னேன்.
அவர்கள் போனபின்
காலை பத்து மணிக்கே அடித்துப்போட்ட மாதிரி
விறகடுக்கில் சாய்ந்து தூங்கியதை
யாரும் நிறுக்கவில்லை.
ரேடியோ மரண அறிவித்தலில்
முன்பின் தெரியாத ஒரு கொட்டகலை ஆளுக்காக
விக்கி விக்கி அழுததையும்.
சட்டைப் பொத்தான் ஒன்றுக்குக் கால்மணி நேரம்.
பூங்காவனம் பார்த்தும் பாராமல்
அரிசியில் கல் பொறுக்குவாள்,
கல்லே இல்லாத அரிசியில்.

ராத்திரி ரெண்டு தரம் எழுப்புவாள்.
உங்க பேர் என்ன?
வேலு என்பேன்.
முழுசா.
முத்துவேலாயுதம் என்று முடித்தால்தான்
விளக்கை அணைப்பாள்.

மாதம் ஒரு செவ்வாய் முதல் பஸ்,
கக்கத்தில் கிளினிக் கொப்பி.
உப்பைக் குறை, சுருட்டை விடு,
குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது,
அடுத்தது பொடியாக வராது.
மூன்று மாதம் வேகமாக ஏறும், பிறகு மெள்ள என்றார் டொக்டர்.
எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
கொப்பியில் எதையோ எழுதினார்.

இருபத்திரண்டு வருசம்
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என்று
ஆளுக்கு ரெண்டு கிலோ கழித்தவன் நான்.
வெயில் கொளுத்திய மாசியிலும்
என் கணக்கில் ஈரம் இருந்தது.
இப்போது என்னில் கழிந்தது எத்தனை?
எந்தத் தராசில் ஏறி நிற்பது?

ஒன்பதாம் மாதம் திரும்பவும் மடுவம்.
முள் தராசு போய் இலக்கத் தராசு வந்திருந்தது.
அந்தி நிறுவையில் வாய் திறந்தேன்:
சிவ
வரிசை மூச்சை அடக்கியது.
தலையில் சாக்கோடு அவள் நின்றாள்,
எடுத்துக் கொடுக்கவில்லை,
பார்வையைத் திருப்பவுமில்லை.
எங்கேயோ சுற்றிக்கொண்டு
பாக்கியம் வந்து சேர்ந்தது.

மூன்று நிறுவையும் கூட்டினால்
பதினேழு கிலோ அறுநூறு.
பதினெட்டுக்குக் கீழே அரைப்பேர்,
அதுவும் கழிக்காமலே.
பேனையைப் பிடிக்கவே நேரம் போனது.
எழுத்து சாய்ந்து சாய்ந்து கட்டத்துக்கு வெளியே ஓடியது.

மறுநாள் ஒபீஸில் பெரிய கிளாக்கர் வின்சன்
செக்ரோலைத் திருப்பிக் காட்டினார்.
அவளுக்கு முழுப்பேர்.
கழிவுக் கட்டத்தில் பூச்சியம்,
அவளுக்குக் கீழே பத்தொன்பது பேருக்கும்.
கை தவறியதா, நான்தான் எழுதினேனா,
எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
என்ன முத்துவேலு,
வருத்தம் இன்னும் இருக்கோ?

இருக்குங்க என்றேன்.