காற்று முப்பத்தெட்டு

ஷார்ஜா தொழிற்பேட்டையில்
டயர்க் கடைக்கு மேல் எங்கள் ஸ்டூடியோ.
கீழே கம்ப்ரஸர் ஓய்ந்தால்தான்
மேலே ஒலிப்பதிவு.
கடைக்கார அப்பாஸுக்கு அதற்காக
வாரம் ஒரு பிரியாணிப் பொட்டலம்.

ஒன்பது அட்டைகள் எழுதி வைத்திருந்தேன்.
ஆமாம் இல்லை என்று முடிந்துபோகிற கேள்விகளை
நேற்றிரவே கிழித்தாயிற்று.
மூன்றாம் அட்டையைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன்:
அவ்வளவு உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும்போது
உங்களுக்கு என்ன தோன்றும்?

ஒன்பதாம் அட்டை சிவப்பு மையில்.

விருந்தினர் சேவுகமூர்த்தி,
டவர் கிரேன் ஓட்டுபவர், பதினாறு வருடமாக.
வெள்ளைச் சட்டை வேண்டாம், கேமராவில் எரியும் என்று
போனில் சொல்லியிருந்தேன்.
வெள்ளையில்தான் வந்தார், மடிப்புக் கலையாமல்.
இருந்ததில் நல்லது அதுவாக இருக்கும்.
ஷிபு தன் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப்
பனியனோடு நின்றான், விரல் விட்டு எண்ண.

அவர் உட்காரவில்லை.
அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.
"அந்த மூணாவது லைட்டுக்குச் செயின் போடலையே, மேடம்?"

ஆறு வருடமாக அதன் கீழேதான் உட்காருகிறேன்.
நடிகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்,
நகைக்கடை முதலாளிகள், ஒரு யோகா ஆசிரியர்.
கண்ணாடி கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள்,
யாரும் மேலே பார்க்கவில்லை.

ஏணி வந்தது.
சங்கிலி அப்பாஸ் கடையிலிருந்து வந்தது, கிரீஸோடு.
"நேரம் போகுது ஹசீனா, நேரம் போகுது" என்று
காதுக்குள் நெல்சன்.
முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு
உட்கார்ந்தார்.

காலர் மைக்கைக் குத்தும்போது கேட்டார்:
"வாக்கி மாதிரியா?
பேசி முடிச்சா ஓவர் சொல்லணுமா?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் கேள்விக்கு இரண்டு சொல்.
இரண்டாவதற்கு ஒன்று.
மூன்றாம் அட்டையை எடுத்தேன், சற்றே முன்னால் சாய்ந்து,
பயிற்சி வகுப்பில் சொன்னபடி.
"ஒண்ணும் தோணாது.
கொக்கியத்தான் பாக்கணும்."

நான்கு, ஐந்து, ஆறு
சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன.

ஷிபு இரண்டு விரல் காட்டினான்.
"ஒன்பதுக்குப் போ," நெல்சன் குரல்,
"அப்பா விஷயம். அழுதா ப்ரோமோவுக்கு ஆகும்."

போனில் அதைப் பாதி வாக்கியமாகத்தான் சொல்லியிருந்தார்.
செய்தி வந்தபோது லோடு அந்தரத்தில் இருந்தது என்று.
மீதிப் பாதியை நான்தான்
சிவப்பில் எழுதிக்கொண்டேன்.

அட்டையைக் கவிழ்த்தேன்.
எழுதாத ஒன்றைக் கேட்டேன்:
"எப்போது நிறுத்துவீர்கள்?"

முதல்முறையாக என்னைப் பார்த்தார்.
"காத்து முப்பத்தெட்டு தொட்டா நிறுத்திரணும்.
கீழ இன்ஜினியர் கத்துவாரு.
கான்கிரீட் இறுகிப்போகும்பாரு, ரேடியோவுல வைவாரு.
வையட்டும்.
மேல இருக்கறவனுக்குத்தான் காத்து தெரியும்."

காதில் நெல்சன் கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்து எதுவும் கேட்கத் தோன்றவில்லை.
பொதுவாக இரண்டு நொடிக்கு மேல் விடமாட்டேன்,
பார்க்கிறவன் ரிமோட்டைத் தேடுவான்.
ஐந்து விட்டேன்.
ஏழு.
ரோவெல் கேமராவின் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"ஒண்ணு இருக்கு," என்றார்.
"தொங்குறதத் தொங்கவிட்டுட்டு எறங்கக் கூடாது.
என்ன ஆனாலும்.
எறக்கி வெச்சுட்டு, கொக்கியக் கழட்டச் சொல்லி,
பிரேக் போட்டுட்டு,
அப்புறந்தான் ஏணியில கால வெக்கணும்.
அன்னைக்கும் வெச்சுட்டுத்தான் எறங்கினேன்."

பிறகு, நேராகக் கேமராவைப் பார்த்து,
"ஓவர்."

ஷிபுவின் கை காற்றில் நின்றது.
கீழே கம்ப்ரஸர் தொடங்கியிருந்தது.

எடிட்டிங்கில் நெல்சன் மூன்றுமுறை ஓட்டிப் பார்த்தார்.
"எந்த அன்னைக்கு? பாக்கிறவனுக்குப் புரியாதே."
புரியாது என்றேன்.
"அந்த ஓவரையாவது வெட்டவா?"

நான் பதில் சொல்லவில்லை.
அந்த நீலச் சட்டை திரும்பி வரவில்லை.
வெள்ளைச் சட்டை மேக்கப் அறையில்
ஹேங்கரில் இருக்கிறது இன்னும்.
ஷிபுவுக்கு அது தோளில் இறுக்கம்.